கல்கிசைக் கடலில் மகன் தப்பியது அருந்தப்பு: இனித் தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாதா, நீச்சல் பழக்க வேண்டுமா?

இருபிள்ளை_அம்மா எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். கனடாவில் இருந்து அண்ணன் குடும்பம் ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்திருக்கிறது, எல்லாருமாகப் பதினொரு பேர் பின்னேரம் ரயில் ஏறிக் கல்கிசைக் கடற்கரைக்குப் போனோம். பெரிய ஆட்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் மூன்று பேர். பாயை விரித்து, கொண்டுபோன ரோல்ஸைப் பிரித்து, கன வருடத்துக்குப் பிறகு சந்தித்த சந்தோசத்தில் கதைத்துக்கொண்டிருந்தோம். 9 வயது மகன் இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றான். நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன், தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தபடி கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். விளையாடுகிறான் என்று நினைத்து நான் கையும் காட்டினேன். அடுத்த நிமிடம் டியூப் வாடகைக்கு விடுகிற ஒரு பெடியன் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். இரண்டு தடவை தாழ்ந்து எழும்பினானாம். எங்களுக்கும் அவனுக்கும் இடையில் பத்து மீற்றர்கூட இருக்காது. எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நல்ல காலம், இருமி, வாந்தி எடுத்து, அழுது முடித்து, அப்புறம் சரியாகிவிட்டான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் கரையில் நின்ற ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், தலைகீழாகப் பிடியுங்கள், வயிற்றை அமுக்குங்கள், முதுகில் தட்டுங்கள் என்று. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வீட்டில் இதே கதைதான். மாமி சொல்கிறா, வளரும்வரை தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று. இவர் சொல்கிறார், உடனே நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டால் பிறகு பயமில்லை என்று. அண்ணன் குடும்பம் அடுத்த கிழமை கித்துல்கல ஆற்றில் குளிக்கப் போவோம் என்று வான்கூடப் பேசிவிட்டது. அவன் ஏன் கத்தவில்லை? நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கரையோரம் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் கவனிக்காமல் விட்டது என்று சொல்வதைவிட, எதைக் கவனிக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் சரி. நான் இளம் வயதில் உயிர்காப்புப் பயிற்சி எடுத்தவன், வெள்ளவத்தைக் கரையில் வளர்ந்தவன். முதலாவது பாடமாகச் சொல்லித் தந்ததே இதுதான்: மூழ்குகிற ஆள் கத்தமாட்டார்.

படங்களில் காட்டுவதுபோல் கையை ஆட்டி "காப்பாற்றுங்கள்" என்று கூப்பிடுவதற்கு மூச்சு வேண்டும். மூழ்குகிறவரின் வாய் தண்ணீருக்கு மேலே வருவது ஒரு கணம்தான், அந்தக் கணத்தில் உடம்பு மூச்சை இழுக்கப் பார்க்குமே தவிரக் குரலுக்கு விடாது. கை இரண்டும் தானாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அமுக்கும், அதனால் கை காட்டவும் முடியாது. உடம்பு நட்டுக்கு நட்டாக நிற்கும், கால் உதைக்காது, தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும், பார்வை ஓரிடத்தில் நில்லாது. ஏணியில் ஏறப் பார்க்கிறவர்போல் தெரியும். நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது, ஏனென்றால் நீங்கள் பார்த்தது அதைத்தான். அந்த நிலையில் ஒருவர் 20 முதல் 60 விநாடிதான் தாக்குப்பிடிப்பார், பிள்ளை என்றால் அதைவிடக் குறைவு. பிள்ளை சத்தம் போட்டு விளையாடினால் பயமில்லை. சத்தம் நின்றால் உடனே எழும்பிப் போய்ப் பாருங்கள். கூப்பிட்டுப் பாருங்கள், பதில் வராவிட்டால் போய்த் தூக்குங்கள்.

எட்டுப் பேர் இருந்தும் ஒருவரும் பார்க்கவில்லை என்பதில் ஆச்சரியமே இல்லை. எட்டுப் பேர் இருந்ததால்தான் ஒருவரும் பார்க்கவில்லை. மற்றவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், "இப்போது நீ, அரை மணித்தியாலம், பிறகு நான்" என்று. அந்த அரை மணித்தியாலம் தொலைபேசி இல்லை, கதை இல்லை, பாயில் இருப்பதும் இல்லை. நீந்தத் தெரியாத பிள்ளை என்றால் கையை நீட்டினால் பிடிக்கக்கூடிய தூரத்தில், தண்ணீரிலேயே நிற்க வேண்டும். முறை முடிந்தால் அடுத்தவர் வந்து நின்ற பிறகுதான் விலக வேண்டும். குடித்திருக்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது, அவரும் தண்ணீரில் இறங்கக்கூடாது.

அப்புறம் கடல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, எங்கள் மேற்குக் கரை முழுக்கக் கொந்தளிப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் விடுமுறை வருவதும் இந்தக் காலத்தில்தான். கடல் குளிக்க ஆசை என்றால் இந்த மாதங்களில் நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ போகலாம், அந்தப் பக்கம் அப்போது அமைதி. டிசம்பரில் நிலைமை தலைகீழ்.

கடலில் ஆளை இழுப்பது பெரும்பாலும் அலை இல்லை. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும், அந்த வழி ஒடுங்கிய வாய்க்கால்போல் கடலுக்குள் ஓடும். ரிப் கரன்ட் என்பார்கள். பார்க்கிறவருக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும், இரண்டு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக இருக்க நடுவில் மட்டும் உடையாமல் கருமையாக இருக்கும். அலை இல்லாத இடம் என்று நினைத்துப் பிள்ளையை அங்கேயே இறக்குவார்கள். அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போவதால்தான் ஆட்கள் சாகிறார்கள். அகப்பட்டால் மல்லாந்து மிதந்து, ஒரு கையை உயர்த்தி, முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகி, அதற்குப் பிறகு கரைக்கு வர வேண்டும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்கக்கூடாது. சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு இருந்தால் அவற்றுக்கு நடுவே மட்டும், ஏனென்றால் காவலர் பார்ப்பது அந்த இடத்தைத்தான். கல்கிசையில் பொலிஸ் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள், போனவுடன் அவர்களிடம் கேளுங்கள், இன்றைக்கு எந்த இடம் நல்லது என்று. கேட்டால் சொல்வார்கள்.

உங்கள் கணவருக்கும் ஒன்று. நீச்சல் பழக்குவது நல்லது, கட்டாயம் பழக்குங்கள். ஆனால் பழகிவிட்டால் பயமில்லை என்பது சரியில்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும் மறுபடி இங்கேயும் நீந்திக் கடந்தவர், கடலிலேயே வளர்ந்தவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப்போய் அந்த முயற்சியிலேயே உயிர் போனது. அவருக்கே அப்படி என்றால், தடாகத்தில் மூன்று மாதம் பழகிய பிள்ளையை எப்படித் தனியே விடுவது?

---

இருபிள்ளை_அம்மா எழுதியது:

அண்ணா, இதை வாசித்துவிட்டு மகனிடம் கேட்டேன். "நான் உங்களைக் கூப்பிட்டேன் அம்மா, சத்தம் வரவில்லை" என்றான். நீங்கள் எழுதியதை அவன் வாயால் கேட்டதுபோல் இருந்தது. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

---

இரவுப்பணி_தாதி எழுதியது:

அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், பிள்ளை இருக்கிறான். நான் கொழும்பில் தாதியாக வேலை செய்கிறேன், கரைக்கு எடுத்த பிறகு என்ன செய்வது என்று கேட்டதற்கு மட்டும் சொல்கிறேன்.

தலைகீழாகப் பிடிக்கவும் கூடாது, வயிற்றை அமுக்கவும் கூடாது. வயிற்றை அமுக்கினால் இரைப்பையில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும், வெளியே வந்த தண்ணீரைப் பார்த்து எல்லாரும் திருப்திப்படுவார்கள், அதற்குள் மூச்சுக் கொடுக்க வேண்டிய நேரம் போய்விடும். மூழ்கியவருக்குத் தேவை ஒட்சிசன். நாலைந்து நிமிடம் அது போகாவிட்டால் மூளை பழுதாகத் தொடங்கும்.

கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, நாடியை (முகவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்பும்படி 5 தடவை மூச்சு ஊதுங்கள். மாரடைப்பு வந்தவருக்கு நெஞ்சை அமுக்குவதில் தொடங்குவோம், மூழ்கியவருக்கு மூச்சில்தான் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 தடவை அமுக்கி 2 மூச்சு, மறுபடி 30, மறுபடி 2. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பெரியவருக்கு 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இறங்க வேண்டும், பிள்ளைக்கு நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டிருக்காமல் தொடருங்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கத்துக்குத் திருப்பிச் சுத்தம் செய்யுங்கள். மூச்சு ஊதத் தெரியாது, பயம் என்றால் அமுக்குவதையாவது செய்யுங்கள், சும்மா நிற்காதீர்கள். நீங்கள் இதைச் செய்யும்போதே பக்கத்தில் நிற்கும் ஒருவரை விரலால் காட்டி, "நீங்கள் 1990க்கு அடியுங்கள்" என்று சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னால் ஒருவரும் அடிக்கமாட்டார்கள்.

இன்னொன்று, இது எனக்கு முக்கியம். உங்கள் மகன் இருமி வாந்தி எடுத்தான் என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். குறை சொல்லவில்லை, அடுத்த முறை யாருக்காவது நடந்தால் உதவும் என்றுதான் சொல்கிறேன். தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் சில மணித்தியாலம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம், அதனால் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வைத்துப் பார்ப்பார்கள். விடாத இருமல், மூச்சு வேகமாக வாங்குதல், வழமையில்லாத நித்திரைத் தூக்கம், உதடு நீலம் பாய்தல், இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக்கூடாது. ஒரு கிழமை ஆகிவிட்டது, அவன் நன்றாக இருக்கிறான் என்றால் இனி அதைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை.

---

பம்பலப்பிட்டிக்காரன் எழுதியது:

எங்கள் வீட்டில் தடைதான். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்துவிட்டார்கள், கடலில் கால் நனைத்ததோடு சரி. ஒரு பிரச்சினையும் வரவில்லை. மாமி சொல்வதைக் கேளுங்கள்.

---

முப்பத்தெட்டில்_நீச்சல் எழுதியது:

அண்ணா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது, நானும் அப்படியான வீட்டில்தான் வளர்ந்தேன். பெண்பிள்ளை, கறுத்துப்போய்விடுவாள், நனைந்த உடுப்போடு நிற்க வேண்டும், யாராவது பார்ப்பார்கள். அண்ணன்மார் இருவரும் நீந்துவார்கள், நான் கரையில் அவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் தண்ணீர் நாங்கள் போனால்தான் வரும் என்று இல்லையே. 2004 டிசம்பர் 26 அன்று வீட்டுக்குள் இருந்தவர்களைத் தேடித்தானே கடல் வந்தது. கிழக்கில் பல ஊர்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் போனார்கள், நீந்தவும் மரம் ஏறவும் பழக்காமல் வளர்த்ததும் அதற்கு ஒரு காரணம். என் அம்மாவின் சொந்தத்தில் மூன்று பெண்கள். அதை நினைத்துத்தான், காலம் பிந்தி என்றாலும், 38 வயதில் நீச்சல் வகுப்புக்குப் போனேன்.

முதல் இரண்டு மாதமும் நீந்தவே இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடுவது, மல்லாந்து மிதப்பது, கால் நிலத்தில் படாத இடத்தில் பதறாமல் இருப்பது, இவ்வளவுதான். இப்போது யோசித்தால் உயிர் காக்கிற பகுதி அதுதான் என்று தெரிகிறது. வகுப்புத் தேடும்போது, எத்தனை மாதத்தில் போட்டிக்கு விடுவீர்கள் என்று கேட்காதீர்கள், மிதக்கப் பழக்குவீர்களா, உடுப்போடு தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று பழக்குவீர்களா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீர்ப் பாதுகாப்பும் சேர்த்தே பழக்கச் சொல்கிறது, உங்கள் மகனுக்கு 9. மகள் இருந்தால் அவளையும் சேருங்கள். நீங்களும் சேருங்கள். பெண்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்குகிற தடாகங்கள் கொழும்பில் இருக்கின்றன, முழுக்கை முழுக்கால் நீச்சல் உடையும் கடையில் வாங்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

வாங்கும்போது நீலம், வெள்ளை வேண்டாம். தண்ணீருக்கடியில் அந்த நிறங்கள் கண்ணுக்குத் தெரியாது. செம்மஞ்சள், பளிச்சென்ற மஞ்சள் வாங்குங்கள்.

---

கொலன்னாவைக்காரன் எழுதியது:

கடலைப் பற்றியே எல்லாரும் கதைக்கிறீர்கள், நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். தண்ணீர் வெட்டு என்று குளியலறையில் பரலிலும் வாளியிலும் நிறைத்து வைக்காத வீடு உண்டா? நடை பழகுகிற பிள்ளைக்குத் தலைதான் பாரம், வாளிக்குள் எட்டிப் பார்த்தால் கவிழ்ந்துவிடும், திரும்பி எழும்பப் பலம் இல்லை. அரை வாளி தண்ணீர் போதும். உலகத்தில் 2021இல் மட்டும் மூழ்கி இறந்தவர்கள் ஏறக்குறைய 3 இலட்சம் பேர், அதில் கிட்டத்தட்டக் கால்வாசி 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். பரலுக்கு மூடி, குளியலறைக் கதவுக்கு மேல் கொண்டி, பாவிக்காத வாளியைக் கவிழ்த்து வைப்பது, கிணறு இருந்தால் மேலே கம்பி வலை. இருபிள்ளை அம்மா, சின்னவருக்கு எத்தனை வயது?

வெள்ளம் இன்னொரு பக்கம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எங்கள் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் நடந்தவர்களுக்குத்தான் தெரியும், தெரு எது, கான் எது என்று தெரியாது. மூடி இல்லாத கானுக்குள் கால் போனால் அவ்வளவுதான். கணுக்காலுக்குச் சற்று மேலே ஓடுகிற தண்ணீர்கூட வேகமாக ஓடினால் ஆளை விழுத்தும், முழங்காலுக்குக் கீழே நிற்கிற தண்ணீர் சின்னக் காரை மிதக்க வைக்கும். வெளியேறு என்று சொன்னால் சாமானைப் பார்க்காமல் போய்விடுங்கள். வேறு வழியில்லாமல் நடக்க வேண்டி வந்தால் நீளமான தடி ஒன்றால் முன்னுக்குக் குத்திப் பார்த்து நடவுங்கள். பெடியன்கள் வெள்ளத்தில் டியூப் போட்டு விளையாடுவதைக் கண்டால் தயவுசெய்து ஏசிக் கலையுங்கள்.

---

இருபிள்ளை_அம்மா எழுதியது:

சின்னவளுக்கு ஒன்றரை வயது. நேற்றிரவே பரலுக்கு மூடி போட்டாயிற்று, நன்றி அண்ணா. கித்துல்கல பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? வான்காரருக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று.

---

கரையோரம் எழுதியது:

ஆறு கடலைவிட ஏமாற்றும், தங்கச்சி. கடல் கொந்தளிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆறு மேலே தெளிவாக ஓடிக்கொண்டே கீழே வேறு மாதிரி ஓடும். கித்துல்கலவில் ஓடுவதும் களனிதான், மேலே மின்நிலையங்கள் இருப்பதால் தண்ணீர் திறந்துவிடும்போது மட்டம் சட்டென்று ஏறும், மலையில் மழை பெய்தாலும் அப்படித்தான், நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறித்தாலும். தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் கிளையும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நிமிடமே எல்லாரும் கரையேற வேண்டும். கல் பாசி பிடித்து வழுக்கும். படம் எடுக்க நடுக்கல்லுக்குப் போகக்கூடாது. ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாயவே கூடாது, கழுத்து முறிந்தவர்களை எனக்குத் தெரியும். போனவுடன் அந்த ஊர் ஆட்களிடம் கேளுங்கள், அவர்கள் குளிக்காத இடத்தில் நீங்கள் குளிக்காதீர்கள். களனியின் கீழ்ப்பகுதிகளில் மணல் அள்ளிய குழிகள் இருக்கும், முழங்காலளவு என்று வைத்த அடுத்த அடி ஆளை விழுங்கும். படகில் ஏறினால் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி, நாடாவை இறுக்கிக் கட்டி. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்த இழுவைப் படகில் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இருந்ததை மறந்துவிடாதீர்கள். காற்றடித்த டியூபும் கைப்பட்டியும் விளையாட்டுச் சாமான், அவற்றை நம்பிப் பிள்ளையை விட வேண்டாம்.

யாராவது அகப்பட்டால், நீங்கள் பாயக்கூடாது. சொல்வது கடினம்தான், பெற்ற மனம் நிற்காது. ஆனால் ஒருவரை எடுக்க ஒருவராகப் பாய்ந்து மூன்று பேர் போன குடும்பங்கள் எங்கள் நாட்டில் எத்தனை. மூழ்குகிறவர் கையில் அகப்பட்டதைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பார், அது நீங்களாக இருந்தால் நீங்களும் தாழ்வீர்கள். கரையில் குப்புறப் படுத்துத் தடியை நீட்டுங்கள். எட்டாவிட்டால் எறியுங்கள், மூடி இறுக்கிய 5 லீற்றர் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல், ரெஜிபோம் பெட்டி, பந்து, மிதக்கிற எதுவும். ஒரு சேலை ஐந்தரை மீற்றர் நீளம், இரண்டை முடிந்தால் பத்து மீற்றருக்கு மேல், கயிறு இல்லாத இடத்தில் அதுவே கயிறு. ஆனாலும் வானில் ஒரு நைலோன் கயிறும் இரண்டு வெற்றுப் போத்தலும் போட்டுக்கொண்டு போங்கள், நுனியில் போத்தலைக் கட்டினால் எறிய வசதி.

---

இருபிள்ளை_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் மூன்று பேரையும் இருத்தி இதை முழுக்க வாசித்துக் காட்டினேன், மாமி தாதி அம்மா எழுதியதை இரண்டு தடவை கேட்டா. கித்துல்கலவுக்குப் போகிறோம், ஆனால் பிள்ளைகள் முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை, அதுவும் ஊர் ஆட்கள் சரி என்று சொன்னால் மட்டும். யார் எந்த அரை மணித்தியாலம் பார்ப்பது என்று எட்டுப் பேரின் பெயரையும் எழுதி அண்ணன் தொலைபேசியில் போட்டிருக்கிறார், முதல் முறை என்னுடையது. மகனுக்கும் எனக்கும் நீச்சல் வகுப்பு அடுத்த மாதம் தொடங்குகிறது. அவன் பயப்படுகிறான், நானும்தான். அந்த டியூப் பெடியனைத் தேடி நேற்று மறுபடி கல்கிசைக்குப் போனோம். அன்றைக்கு அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் நேற்று வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருவாராம், மறுபடி போவோம்.